மிஷினுக்குப் பின்னாலிருந்து வந்த பதில்

எனக்குக் கதை கட்ட வராது. ரசீது எழுத வரும், கோபமாக வருகிற வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்த வரும், "நாளைக்குக் கட்டாயம் முடிச்சுடுவோம் சார்" என்று முகம் மாறாமல் பொய் சொல்ல வரும். அவ்வளவுதான். கீழே இருப்பதில் ஒரு வரிகூட நான் சேர்த்ததில்லை. சேர்க்கிற தெம்பும் எனக்கு இல்லை.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. என் தம்பி இதை எழுதவே கூடாது என்றான். "எழுதினா அது திரும்பவும்..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டான். அன்று அதை அவனும் காதால் கேட்டான். போனில் கேட்டான். அதனால் எனக்கு மட்டும் வந்த மனப்பிரமை என்று யாரும் தள்ளிவிட வேண்டாம்.

எங்களுடையது ஒரு சின்ன அச்சகம். எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கி, சட்டத்தில் இறுக்கி, காலால் மிதித்து ஓட்டுகிற மிஷினில் அடிக்கிற பழைய முறை. யாருக்கும் சம்பளம் கிடையாது. ஆசைப்பட்டுச் சேர்ந்தவர்கள் நடத்துவது. ஆரம்பித்தபோது பதினெட்டுப் பேர் கைகோத்துப் படமெல்லாம் எடுத்துக்கொண்டோம். இன்றும் வாட்ஸ்அப் குழுவில் பதினெட்டுப் பேரும் இருக்கிறார்கள். தினமும் காலை வணக்கம் போடுகிறார்கள். கடைக்கு வருவது மூன்று பேர். எழுத்து அடுக்க ஒரு கணக்கு வாத்தியார், மிஷின் ஓட்ட என் தம்பி, ஆர்டர் பார்க்க நான்.

ஆர்டர் பார்ப்பது என்றால் சுலபம் என்று நினைப்பார்கள். சுவரில் வரிசையாக ஆணிகள். ஒவ்வொரு ஆணியிலும் ஒரு கிளிப், ஒவ்வொரு கிளிப்பிலும் ஒருவருடைய வேலை. சலூன்காரரின் விசிட்டிங் கார்டு, யாரோ ஒரு புதுமணத் தம்பதியின் நன்றி அட்டை, ஒரு பள்ளிக்கூடத்தின் சான்றிதழ். "இதை நான் பண்றேன்" என்று ஆசையாக எடுத்துப் போன நண்பர் அப்புறம் போனையே எடுக்க மாட்டார். சம்பளம் வாங்குகிறவரைத் திட்டலாம். சும்மா வந்து உதவுகிறவரை என்ன சொல்வது? எப்போதாவது தலை காட்டினால், "வந்தீங்களே, அதுவே போதும்" என்று பல்லைக் காட்ட வேண்டும். பகல் முழுவதும் காப்பீட்டு அலுவலகத்தில் மற்றவர்களின் விபத்துகளைக் கேட்டுவிட்டு, ஆறு மணிக்கு மேல் நான் செய்தது இதைத்தான்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் பிறகு நடந்தது புரியாது.

மிஷின் ஆளுயரம் இருக்கும். முன்னால் நிற்பவர் மிதியை மிதித்தபடி ஒவ்வொரு அட்டையாக அதன் வாய்க்குள் வைத்து எடுப்பார். வாய் மூடும், திறக்கும். மூடும்போது உள்ளே விரல் இருந்தால் விரல் மிஞ்சாது. பின்னால் நிற்பவர் மை தடவுவார், உருளையைத் துடைப்பார். நடுவில் வட்டமான பெரிய மைத்தட்டு இருப்பதால் முன்னால் இருப்பவருக்குப் பின்னால் இருப்பவரைத் தெரியாது. அதனால் ஒவ்வொரு முறை ஓட்டத் தொடங்குமுன்னும் முன்னால் இருப்பவர் "கை!" என்று கத்த வேண்டும். பின்னால் இருப்பவர் கையை வெளியே எடுத்துவிட்டு "எடுத்தாச்சு!" என்று சொல்ல வேண்டும். பதில் வராமல் மிதியில் கால் வைக்கக் கூடாது. தனியாக ஓட்டவே கூடாது. இது கணக்கு வாத்தியார் முதல் மாதமே போட்ட சட்டம். எத்தனையோ விஷயத்தில் நாங்கள் சோம்பேறிகள். இதில் மட்டும் யாரும் தவறியதில்லை.

அந்தச் சமயத்தில்தான் வேன்காரர் வந்தார்.

பள்ளிக்கூட வேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அறுபத்தைந்து வயது இருக்கும். அவர் தூங்கிப் பல மாதம் ஆயிற்று என்பது பார்த்தாலே தெரியும். நாற்காலியைக் காட்டி உட்காருங்கள் என்றால், "உக்காந்தா தூங்கிடுவேன் மேடம்" என்று நின்றுகொண்டே பேசினார். அவர் மனைவிக்கு மறதி நோய். வீடு முழுவதும் ஒட்டுவதற்குப் பெரிய எழுத்தில் அட்டைகள் வேண்டுமாம். இது குளியலறை. அடுப்பைத் தொடாதே. இப்படி.

"கம்ப்யூட்டர்ல அடிச்சா அரை மணி நேரத்துல முடிஞ்சிடுமே" என்றேன். வந்த ஆர்டரைத் துரத்துகிற அளவுக்கு அலுத்துப் போயிருந்தேன் என்பதுதான் உண்மை.

"அது வழவழன்னு இருக்கு மேடம். அவளுக்குக் கண்ணும் மங்கல். விரலால தடவித் தடவிதான் படிப்பா. உங்க அட்டையில எழுத்து கைக்குத் தட்டுப்படுது."

போன மாதம் அவர் மருந்து வாங்கக் கால் மணி நேரம் வெளியே போயிருக்கிறார். அந்த அம்மா ஒவ்வொரு அறையாக அவரைத் தேடி, காணாமல், பயந்துபோய்த் தெருவில் இறங்கிவிட்டார். ராத்திரி முழுவதும் தேடி, விடிந்த பிறகுதான் பெரிய சாலையோரப் பள்ளத்தில் கண்டுபிடித்தார்கள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

"வெளிய பூட்டிட்டுப் போங்களேன்."

"அதையும் பண்ணிப் பாத்தேன். கதவுல தலைய முட்டிக்கிட்டா."

ஆர்டர் நோட்டைத் திறந்தேன். அந்த அம்மா புதன்கிழமை காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருவதாக இருந்தது. அதற்குள் எல்லா அறையிலும் அட்டை ஒட்டியிருக்க வேண்டும். இன்னொரு முறை அவர் தெருவில் இறங்கினால் பிழைக்க மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

கடைசி அட்டைக்கு என்ன போடுவது என்று வெகுநேரம் யோசித்தார். பிறகு சொன்னார்: "நான் இங்கேதான் இருக்கிறேன்."

"நீங்க கடைக்குப் போயிருக்கும்போது அது பொய்யாயிடுமே?"

"இருக்கட்டும் மேடம். அவ பயப்படாம இருந்தா சரி."

அந்த அட்டை மட்டும் இருபத்தைந்து வேண்டும் என்றார். அவள் கிழித்துவிடுவாள், கிழிக்கக் கிழிக்க ஒட்ட வேண்டும் என்றார். மற்ற அட்டைகளை ஞாயிற்றுக்கிழமையே அடித்துவிட்டோம். இதற்கு மட்டும் பெரிய மர எழுத்து பற்றவில்லை. எங்களிடம் அந்த அளவில் "ன்" மூன்றுதான். மற்ற அட்டைகளுக்கு அடுக்கிய எழுத்துகளைப் பிரித்துப் போட்ட பிறகு, திங்கள் இரவு வாத்தியார் இதை அடுக்கி இறுக்கி மிஷினில் ஏற்றி வைத்துவிட்டுப் போனார். செவ்வாய் மாலை நானும் தம்பியும் அடிப்பது. புதன் காலை ஆறரைக்கு வேன்காரர் வந்து வாங்கிக்கொள்வது. இதுதான் ஏற்பாடு.

செவ்வாய்க்கிழமை நான் கடையைத் திறந்தபோது ஆறே முக்கால். விடியற்காலை எழுந்தவள். கால் வீங்கிச் செருப்பு வார் பதிந்திருந்தது. தம்பி ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குள் ஒரு சண்டை. "அடுத்த மாசத்தோட நான் நின்னுக்கறேன்க்கா, முடியல" என்றான். "போ, எல்லாரும் போங்க, நான் ஒருத்தி இங்கயே கெடந்து சாகறேன்" என்று கத்திவிட்டேன். அதனால் வந்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வருவான் என்று தெரியும்.

ஏழு இருபதுக்கு சலூன்காரர் போனில் பிடித்துக்கொண்டார். அவருடைய கார்டில் கத்தரிக்கோல் படம் இடது பக்கம் பார்க்க வேண்டுமா வலது பக்கம் பார்க்க வேண்டுமா என்பது பற்றி. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்கதவு சத்தம் கேட்டது.

கிறீச்...

பின்கதவுச் சாவி தம்பியிடம் உண்டு. எப்போதும் அந்த வழியாகத்தான் வருவான்.

"வந்துட்டியா?" என்று போனைப் பொத்திக்கொண்டு கேட்டேன்.

"ம்."

அவ்வளவுதான். சரி, கோபம் தணியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். சலூன்காரரை ஒரு வழியாக வலது பக்கம் பார்க்க வைத்துவிட்டு மிஷினுக்கு வந்தேன். பின்னால் மை டப்பா மூடி திறக்கும் சத்தம் கேட்டது. தகரத்தில் மை எடுக்கும் கத்தி உரசும் சத்தம். தட்டில் மை பரவுவதை முன்னாலிருந்தே பார்க்க முடிந்தது. நானே முன்னால் நின்றேன். அட்டைக் கட்டைப் பிரித்தேன்.

"கை!"

"எடுத்தாச்சுக்கா."

மிதித்தேன். டடக்... டடக்... டடக்...

முதல் அட்டை நன்றாக வந்தது. நான் இங்கேதான் இருக்கிறேன். எழுத்து அட்டையில் ஆழமாகப் பதிந்து, விரலால் தடவினால் தடுக்கியது. அந்த அம்மாவுக்குப் புரியும் என்று எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஐந்து அடித்ததும் நிறுத்தி மை பார்க்க வேண்டும். நிறுத்தினேன். பின்னால் கத்தி உரசியது.

"கை!"

"எடுத்தாச்சுக்கா."

டடக்... டடக்...

சின்னச் சின்னதாகச் சில விஷயங்கள் உறுத்தின. ஆனால் களைப்பில் மூளை எதையும் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை. தம்பி உள்ளே வந்தால் முதலில் ஹெல்மெட்டை மேசையில் டமாலென்று வைப்பான். அந்தச் சத்தம் கேட்கவில்லை. டியூப் லைட் மினுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வழக்கமாக அவனுக்குத் தூசி ஒத்துக்கொள்ளாமல் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் தும்முவான். அன்று தும்மவே இல்லை. ஃபிளாஸ்கில் கொண்டு வந்த டீயில் ஒரு டம்ளர் ஊற்றி மைத்தட்டின் ஓரமாக நீட்டினேன். "டீ குடி" என்றேன். யாரும் வாங்கவில்லை. கை வலித்தபோது டம்ளரைப் பக்கத்துப் பலகையில் வைத்துவிட்டேன்.

"இன்னும் கோவமா?"

பதில் இல்லை.

"சரிடா, நான் அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது. போதுமா?"

பின்னால் கத்தி ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி உரசியது.

பதினான்கு அட்டை முடிந்தது. கயிற்றில் வரிசையாகத் தொங்கின. நான் இங்கேதான் இருக்கிறேன். நான் இங்கேதான் இருக்கிறேன். நான் இங்கேதான் இருக்கிறேன்.

அப்போது போன் அடித்தது. மணி எட்டு பத்து.

தம்பி.

எனக்குச் சிரிப்பு வந்தது. பின்னால் நின்றுகொண்டு போன் செய்கிறான், நேரில் பேசக் கூச்சப்பட்டுக்கொண்டு என்று நினைத்தேன். எடுத்தேன்.

"என்னடா?"

"அக்கா, தப்பா நெனச்சுக்காத. மத்தியானத்துலருந்து காய்ச்சல். மாத்திரை போட்டுட்டு தூங்கிட்டேன். இப்பதான் முழிச்சேன். நீ காத்துட்டு இருப்பேன்னு..."

போனைக் காதோடு அழுத்தினேன்.

"அக்கா? கேக்குதா?"

"நீ... எங்க இருக்க?"

"வீட்லதான். கட்டில்ல."

மைத்தட்டைப் பார்த்தேன். அதற்குப் பின்னால் எதுவும் அசையவில்லை.

"எடுத்தாச்சுக்கா."

நான் கூப்பிடவே இல்லை. அதுவாகச் சொன்னது.

காதில் தம்பியின் மூச்சு நின்றது.

"அக்கா... யாரு அது?"

அவனே மறுபடி சொன்னான்.

"அக்கா, அது என் குரல்."

போன் கை நழுவி அட்டைக் கட்டின் மேல் விழுந்தது. தம்பி கத்துவது சின்னதாகக் கேட்டது. "வெளிய வா! வெளிய வாக்கா!"

ஓடியிருக்க வேண்டும். ஏன் ஓடவில்லை என்று எல்லோரும் கேட்கிறார்கள். கால் வரவில்லை, அதுதான் உண்மை. நாளெல்லாம் நின்ற கால் அது. பயப்படுவதற்கும் ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது.

மெல்ல மிஷினைச் சுற்றிப் போனேன்.

யாருமில்லை.

மை டப்பா திறந்திருந்தது. ஆணியில் மாட்டியிருந்த மைக்கத்தி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆடிக்கொண்டிருந்தது. நான் பார்க்கப் பார்க்க ஆட்டம் குறைந்து, நின்றது.

பின்கதவைப் பார்த்தேன். உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. முந்தின இரவு வாத்தியார் போட்டது. வெளியிலிருந்து சாவி போட்டாலும் திறக்காது.

முன்வாசலுக்குப் போனேன். செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். கதவில் கை வைத்தபோது அந்த மனிதர் முகம் ஞாபகம் வந்தது. உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன் என்று நின்றுகொண்டே பேசினாரே, அந்த முகம். இன்னும் பதினொன்று பாக்கி. நாளை எட்டு மணிக்கு அந்த அம்மா வீட்டுக்குள் நுழைவார். பதினான்கை வைத்துச் சமாளிக்கச் சொல்லலாமா என்று யோசித்தேன். ஒரே நாளில் கிழித்துவிடுவார். அப்புறம் தேடுவார். அப்புறம் தெரு.

எனக்கு அழுகை வந்தது. பயத்தில் இல்லை. இதையும் நான்தானா செய்ய வேண்டும் என்ற எரிச்சலில் வந்தது. வாட்ஸ்அப்பில் பதினெட்டுப் பேர் இருக்கிறார்கள். அன்று வேலைக்கு வந்தது இது ஒன்றுதான்.

திரும்பி வந்தேன். அட்டையை எடுத்தேன்.

"கை."

குரலே எழும்பவில்லை. மறுபடி சொன்னேன்.

"கை!"

பதில் இல்லை.

டியூப் லைட் மினுங்கியது. சுவர்க் கடிகாரம் மட்டும் கேட்டது.

போய்விட்டது, பதில் வராவிட்டால் யாரும் இல்லை என்றுதானே அர்த்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாத்தியார் சட்டம் போட்ட நாளிலிருந்து யாருமே செய்யாத காரியத்தைச் செய்தேன்.

பதில் வராமல் மிதித்தேன்.

டட...

மிஷின் முழுதாக மூடவில்லை. இரும்பும் இரும்பும் சேரும் அந்தச் சத்தம் வரவில்லை. நடுவில் எதுவோ இருந்தது. மெத்தென்று.

வாய் திறந்தது.

அட்டையை எடுத்தேன். எழுத்து விழுந்திருந்தது. ஆனால் நடுவில்... மேலிருந்து கீழாக நான்கு கோடுகள் வெள்ளையாக இருந்தன. பக்கத்துப் பக்கத்தில். மை படாமல். ஒவ்வொன்றும் ஒரு விரல் அகலம்.

"இன்னும் எடுக்கலைக்கா."

கோபமாகச் சொல்லவில்லை. வலியில் கத்தவும் இல்லை. அலுத்துப்போய்ச் சொன்னது. தினமும் இதே வேலையைச் செய்து செய்து அலுத்துப்போனவர் சொல்கிற மாதிரி.

காலை மிதியிலிருந்து எடுத்தேன்.

"தெரியாம பண்ணிட்டேன்" என்றேன்.

பதில் இல்லை.

"எனக்கு இதை காலையில குடுத்தாகணும். இன்னும் பதினொண்ணுதான். முடிச்சுட்டுப் போயிடறேன். தயவு செஞ்சு எடு."

கடிகாரம்.

கடிகாரம்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது.

"எடுத்தாச்சுக்கா."

மிதித்தேன்.

டடக்.

இரும்பும் இரும்பும் சேர்ந்தன. அட்டை சுத்தமாக வந்தது.

பதினோரு அட்டைக்கும் பதினோரு முறை "கை" என்றேன். அப்படிக் கூப்பிட வேண்டியதில்லை, ஓட்டத் தொடங்கும்போது ஒரு முறை போதும். ஆனாலும் கூப்பிட்டேன். ஒவ்வொரு முறையும் பதில் வந்தது. கடைசியில் இரண்டு பேருக்கும் குரல் ஒன்றுபோலக் களைத்திருந்தது.

மிஷினைத் துடைக்கவில்லை. மை டப்பாவை மூடவில்லை. அட்டைகளைக் காகிதத்தில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு விளக்கை அணைத்தேன். இருட்டில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். அது நானாகவும் இருக்கலாம். வாசலில் தம்பி நின்றிருந்தான். காய்ச்சலோடு, லுங்கியோடு, ஆட்டோ பிடித்து வந்திருந்தான். உள்ளே வர அவனுக்குத் தைரியம் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

மறுநாள் காலை ஆறரைக்கு வேன்காரருக்கு அட்டைகளைக் கொடுத்தேன். கடைக்கு வெளியே, தெருவில் நின்றே கொடுத்தேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வேகமாகப் போனார்.

அந்த மிஷினை விற்றவருக்குப் போன் செய்து, அதில் எப்போதாவது யாருக்காவது அடிபட்டதா என்று விசாரித்தேன். "அந்த மிஷின்ல ஒருத்தருக்கு நகம்கூடப் பேந்ததில்லையேம்மா" என்றார். நாங்கள் இருக்கும் கட்டிடத்தைப் பற்றிக் கேட்டேன். உரக்கிடங்காக இருந்ததாம். யாரும் சாகவில்லை, யாரும் தூக்கில் தொங்கவில்லை. சொல்லப்போனால் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஒரு காரணம் கிடைத்திருந்தால் அதைச் சொல்லியாவது மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். தம்பி மட்டும் ரொம்ப நாள் கழித்து ஒன்று சொன்னான். "அது என் குரல்தான்க்கா. ஆனா நான் அவ்வளவு சோர்வாப் பேசி நீ எப்பவாவது கேட்டிருக்கியா?" கேட்டதில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். அன்றைக்குப் பிறகு கடைக்குள் எந்தச் சத்தமும் இல்லை. யார் கூப்பிட்டாலும், பின்னால் உண்மையாக நிற்கிற ஆள்தான் பதில் சொன்னார்.

ஒரு மாதம் கழித்து, சனிக்கிழமை, நல்ல வெயில் அடிக்கிற மத்தியானம், வேன்காரர் வந்தார்.

எனக்கு அடையாளமே தெரியவில்லை. முகம் தெளிந்திருந்தது. கண்ணுக்குக் கீழே தொங்கிய பை இல்லை. உட்காரச் சொன்னேன். நிம்மதியாக உட்கார்ந்தார். அவர் மனைவி எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"நல்லா இருக்கா தங்கச்சி. இப்பல்லாம் வாசப்படி பக்கமே போறதில்ல. நானும் தூங்கறேன். வெளிய போனா ரெண்டு மணி நேரம்கூட இருந்துட்டு வரேன்."

"அட்டை ஒட்டினது உதவுதா?"

அவர் தலையைக் குனிந்தார். கை விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நாள் கடைக்குப் போயிட்டு வந்தேன். கதவைத் திறக்கறதுக்கு முன்னாடி உள்ள அவ சத்தம். 'எங்க இருக்கீங்க?'ன்னு கேக்கறா. பாவம் தேடறாளேன்னு அவசரமா சாவியைப் போட்டேன். அதுக்குள்ள உள்ளருந்து பதில் வருது."

"என்ன பதில்?"

"'நான் இங்கதான் இருக்கேன்'னு."

"யாரு... வீட்டுக்கு யாராவது வந்திருந்தாங்களா?"

"யாருமில்ல தங்கச்சி." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அது என் குரல். நான் வாசல்ல நிக்கறேன். என் குரல் உள்ள பேசுது."

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"மொதல்ல பயந்து நடுங்கிட்டேன். வீட்டை மாத்திடலாமான்னுகூட நெனச்சேன். அப்புறம் அவளைப் பாத்தேன். பதிலைக் கேட்டதும் சிரிக்கிறா. சமத்தாப் படுத்துக்கறா. நாற்பது வருஷம் கூட இருந்தவன் நான். எனக்கே அவளை அப்படிச் சமாதானப்படுத்த வராது. சரி, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

எனக்குத் தெரிந்ததை அவரிடம் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"ஒரே ஒரு பிரச்சினைதான். கூடத்துல இருந்ததையெல்லாம் கிழிச்சுட்டா. கையில இருந்ததும் தீந்துபோச்சு. இப்ப படுக்கை ரூம்ல மட்டும்தான் ஒட்டியிருக்கு. கூடத்துல இருந்து அவ கேட்டா... பதில் வரமாட்டேங்குது. அழறா. அதான், அந்த அட்டை மட்டும் இன்னும் ஒரு பத்து வேணும். அதே மிஷின்ல. நீங்களே அடிச்சுக் குடுத்தாத் தேவலை."

"இது நல்லதில்லைங்க" என்றேன். "அது என்னன்னே நமக்குத் தெரியாது."

"தெரியாதுதான்." எழுந்து நின்றார். "எனக்குப் போன வாரம் டாக்டர் நாள் சொல்லிட்டார் தங்கச்சி. இதயம். ஆறு மாசம், மிஞ்சினா எட்டு. பிள்ளைங்க இல்ல. நான் போனதுக்கப்புறமும் அவ கேப்பா. யாராவது பதில் சொல்லணும்ல?"

நான் கிளிப்பை எடுத்தேன். காலியாக இருந்த ஆணியில் மாட்டினேன்.

என்றைக்கு வேண்டும் என்று கேட்டேன்.